தாத்தாவின் அஞ்சல்தலைகளை தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் தாத்தா சேர்த்த அஞ்சல்தலைகள் பதினொரு ஆல்பங்களிலும், பழைய கடித உறைகள் ஒரு பெட்டியிலும் என்னிடம் இருக்கின்றன. சில விக்டோரியா அரசி காலத்தவை. விற்க மனமில்லை; தேசிய அருங்காட்சியகம் ஒன்றுக்கு அவர் பெயரிலேயே கொடுக்க விரும்புகிறோம். உறைகளில் உள்ள தலைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்து, எல்லாவற்றையும் புதிய ஆல்பங்களில் நாடுவாரியாக அடுக்கித் தரலாமா? என்ன நிபந்தனைகள் கேட்கலாம்?

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்தை அப்பால் வையுங்கள். உறையில் ஒட்டியிருக்கும் தலை எந்த ஊரில் எந்த நாளில் புறப்பட்டது, எந்த வழியாகப் போனது, அதற்கு எவ்வளவு கட்டணம் என்பதையெல்லாம் அஞ்சலகம் குத்திய முத்திரைகளோடு சேர்ந்து சொல்லும். பிரித்துவிட்டால் அந்தச் சான்று போய்விடும். திரும்ப ஒட்டினாலும் வராது. அதோடு, 1880களில் பிரிட்டன் வெளியிட்ட ஊதா, பச்சைத் தலைகள் சில நீர் பட்டாலே சாயம் போகும் மையில் அச்சிடப்பட்டவை. முத்திரையைக் கழுவிவிட்டு மீண்டும் ஒட்டும் ஏமாற்றைத் தடுக்க வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். இன்று அவற்றை ஊறவைப்பவர் கையில் வெளிறிய காகிதம்தான் மிஞ்சும்.

புதிய ஆல்பமும் வேண்டாம். தாத்தா எந்தத் தலைக்குப் பக்கத்தில் எதை வைத்தார், ஓரத்தில் பென்சிலால் என்ன குறித்தார், எந்த இடத்தைக் காலியாக விட்டார் என்பதிலிருந்து அருங்காட்சியகத் தொகுப்பைக் கவனிக்கும் காப்பாட்சியர் நிறையப் படித்துக்கொள்வார். தாத்தா வாங்கிய ரசீதுகள், வணிகர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, ஏலப் பட்டியல்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். ‘இது போலி’ என்று அவரே குறித்து வைத்த தலைகள் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். போலிகளை அடையாளம் காண ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகளாக நிறுவனங்கள் அவற்றையும் விரும்பி ஏற்பதுண்டு.

ஒப்படைக்கும்வரை ஆல்பங்களைப் புத்தகம்போல் நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் பாரத்தில் பசை பக்கங்களோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வளையம், செல்லோடேப், லேமினேஷன், பி.வி.சி. பிளாஸ்டிக் உறை எதுவும் கூடாது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதைப் பிரிக்க முயல வேண்டாம். அது பழைய காகிதங்களைப் பேணும் பாதுகாப்பு வல்லுநர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது, எழுதிக் கேட்பது. சொல்லாமல் பார்சல் அனுப்புவதும், பெட்டியோடு வாசலில் போய் நிற்பதும் இரு தரப்புக்கும் தொல்லை. ஆல்பம் வாரியாக ஒரு பட்டியல், எல்லாப் பக்கங்களின் புகைப்படங்கள், தாத்தா யார், எந்த ஆண்டுகளில் எப்படிச் சேர்த்தார் என்று ஒரு பக்கக் குறிப்பு ஆகியவை போதும். ஒவ்வொரு தலைக்கும் கேட்லாக் (அஞ்சல்தலை விலைப் பட்டியல்) விலை எழுதுவதில் மாதங்களைச் செலவிட வேண்டாம். அந்த நிறுவனத்திடம் எது ஏற்கெனவே இருக்கிறது என்பதே அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும். கடந்த எழுபது ஆண்டுகளில் லட்சக்கணக்கில் அச்சான பயன்படுத்தாத செட்டுகளைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். உங்கள் உறைப் பெட்டியைத்தான் முதலில் பார்க்கக் கேட்பார்கள் என்பது என் கணிப்பு.

நிபந்தனைகளில்தான் பல நல்ல கொடைகள் முறிந்துபோகின்றன. ‘எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்’ என்று கேட்காதீர்கள். வெளிச்சம் மைகளை வெளிறச் செய்யும் என்பதால், பொறுப்புள்ள எந்த நிறுவனமும் இதற்கு ஒப்பாது. ‘இன்னார் நினைவாக, இன்னார் குடும்பத்தின் கொடை’ என்ற குறிப்பைத் தயங்காமல் கேளுங்கள்; கிடைக்கும். சிதறாமல் ஒன்றாக வைப்பதும் கேட்கக்கூடியதுதான், தொகுப்பு அதற்குத் தகுதியாக இருந்தால். தாமஸ் டாப்ளிங் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் 1891இல் முப்பத்தைந்து வயதில் இறந்தபோது தன் சேகரிப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்தார். எட்வர்ட் பேக்கன் என்ற வல்லுநர் பல ஆண்டுகள் உட்கார்ந்து அதை ஒழுங்குபடுத்தினார். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் டாப்ளிங் பெயரிலேயே குலையாமல் இருக்கிறது. ஆனால் அது அக்காலத்தின் ஆகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று. பதினொரு ஆல்பங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றால் கோபப்படாதீர்கள். மீதி ஒன்பதும் வேறு ஆவணக் காப்பகத்துக்கோ இளம் சேகரிப்பாளர்களுக்கோ பயன்படும்.

பராமரிப்புக்குச் சிறு தொகை சேர்த்துத் தர முடிந்தால் பேச்சு எளிதாகும். ரெஜினால்ட் பிலிப்ஸ் என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் 1965இல் தன் விக்டோரியா காலத் தொகுப்போடு 50,000 பவுண்டும் கொடுத்தார். அவற்றைக் கொண்டு அடுத்த ஆண்டே லண்டனில் தேசிய அஞ்சல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த அளவுக்கு யாரும் உங்களிடம் எதிர்பார்க்கப் போவதில்லை.

வாய்வார்த்தையில் எதையும் முடிக்காமல் கொடை ஆவணத்தில் கையெழுத்திடுங்கள். உரிமை எந்த நாளில் மாறுகிறது, பிற்காலத்தில் தேவையில்லை என்று முடிவுசெய்தால் என்ன செய்வார்கள், ஸ்கேன் படிகள் உங்களுக்குக் கிடைக்குமா என்ற மூன்றும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வரிச் சலுகைக்காக மதிப்பீடு வேண்டுமானால் வெளி மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். வாங்கிக்கொள்பவரே விலை சொல்வது முறையாகாது.

உயிலில் எழுதிவிட்டால் போதும் என்று தள்ளிப்போடுவது எனக்கு உவப்பில்லை. ஃபெராரி என்ற மாபெரும் சேகரிப்பாளர் தன் தொகுப்பை பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதிவிட்டு 1917இல் இறந்தார். தலைகளோ பாரிஸில் இருந்தன. நடந்ததோ உலகப் போர். பிரெஞ்சு அரசு அவற்றைக் கைப்பற்றி 1921 முதல் ஏலத்தில் பகுதி பகுதியாக விற்றது. பெர்லினுக்கு அந்தத் தொகுப்பு போய்ச் சேரவே இல்லை. உலகில் ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியுள்ள பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா தலையும் அப்படித்தான் கைமாறியது.

உங்கள் வீட்டில் போர் இல்லை, ஆனால் வாரிசுகள் இருப்பார்கள். தாத்தாவின் சொத்தில் உரிமையுள்ள எல்லோருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கைக்கு வந்த பிறகே நிறுவனத்துக்கு எழுதுங்கள். உறைகளுக்குள் கடிதங்கள் இருந்தால் ஒருமுறை எல்லோரும் படித்துவிடுங்கள். வெளியாள் படிக்கக் கூடாத குடும்பச் செய்தி ஏதும் இருந்தால், அந்தக் கடிதத்தை இத்தனை ஆண்டுகள் யாருக்கும் காட்டக் கூடாது என்று ஆவணத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.