1.0.2 போதுமா, 1.0.3 வேண்டுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் 80டி வாங்கினேன். மெனுவில் ஃபர்ம்வேர் (கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) 1.0.2 என்று காட்டுகிறது, 1.0.3 வந்து பல வருஷம் ஆகிறதாம். கேமராவில் இதுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு நண்பர் "உடனே ஏத்திடு" என்கிறார், இன்னொருவர் "ஓடுற வண்டிய எதுக்குடா நோண்டுற, பாதியில செத்துப்போனா போர்டு மாத்தணும்" என்று பயமுறுத்துகிறார். வரும் ஞாயிறு ஒரு நிச்சயதார்த்தம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குள் ஏற்றிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஏற்றலாம், ஆனால் திங்கட்கிழமை. ஞாயிறு வேலை முடியும்வரை அந்த மெனு பக்கமே போகாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு வளைகாப்புக்கு முந்தின ராத்திரி, தூக்கம் வராமல், கையில் இருந்த பழைய கேமராவுக்கு (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) ஃபர்ம்வேர் ஏற்றினேன். அழகாக ஏறியது. காலையில் போய் வளையல் அடுக்கி முடிக்கிறவரை எடுத்துத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் எல்லாம் ஜேபெக். ரா (பின்னால் நிறம், வெளிச்சம் திருத்த வசதியான முழு ஃபைல்) எங்கே என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. அப்டேட் எல்லா செட்டிங்கையும் புதுக் கேமரா மாதிரி ஆக்கியிருக்கிறது, தேதியும் போயிருந்தது. கேமரா செத்துப்போவது அபூர்வம்தான். அதைவிட அடிக்கடி நடப்பது இந்த மாதிரி, நல்லபடியாக முடிந்த அப்டேட்டுக்கு அப்புறம் கேமரா நம் கைக்குப் புதிதாகிவிடுவது. ஆகவே ஏற்றும் முன் மெனுவை ஒவ்வொரு பக்கமாக மொபைலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சி (C) என்று டயலில் போட்டு வைத்திருக்கும் உங்கள் சொந்த செட்டிங்கையும் சேர்த்து.

சரி, குறையே இல்லாத கேமராவில் எதற்கு ஏற்ற வேண்டும்? உங்கள் நண்பர்கள் இரண்டு பேருமே பொதுவாகப் பேசுகிறார்கள், 80டி-யைப் பற்றிப் பேசவில்லை. ஃபர்ம்வேர் டவுன்லோடு பக்கத்தில் என்ன மாற்றினோம் என்று நாலு வரி எழுதியிருப்பார்கள், முடிவு அந்த நாலு வரியில்தான் இருக்கிறது. பல நேரம் அது நம்மிடம் இல்லாத ஒரு லென்ஸுக்கான சப்போர்ட்டாகவோ, நாம் படிக்கவே போகாத ஒரு மொழியின் மெனுவில் இருந்த எழுத்துப் பிழையாகவோ இருக்கும். அப்படியானால் விட்டுவிடலாம், குடி ஒன்றும் முழுகிவிடாது.

80டி-க்கு வந்த 1.0.3 அந்த ரகம் இல்லை. 2019 ஆகஸ்டில் செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இதே 80டி-யை எடுத்து வைத்துக்கொண்டு, வைஃபை வழியாக உள்ளே புகுந்து, கார்டில் இருக்கும் படங்களை எல்லாம் பூட்டிவிட்டு, திரையில் பணம் கேட்டு ஒரு அறிவிப்பும் போட முடியும் என்று செய்தே காட்டினார்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் பிடிபி என்ற முறையில்தான் ஓட்டை. அதை அடைக்க கேனான் வெளியிட்டதுதான் 1.0.3. இதை வைத்து யாருக்கும் நஷ்டம் வந்ததாகத் தகவல் இல்லை என்று கேனான் அப்போது சொன்னது, ஆகவே பதற வேண்டாம். ஆனால் மண்டபத்து வைஃபையில் கேமராவைக் கோர்த்து அங்கிருந்தே படம் அனுப்புகிற ஆளாக இருந்தால், கட்டாயம் ஏற்றுங்கள். வைஃபையைத் தொடவே மாட்டேன், கார்டு ரீடர்தான் என்றால் அவசரம் இல்லை. நானாக இருந்தால் அப்போதும் ஏற்றிவிடுவேன்.

போர்டு போகிற கதைக்கு வருவோம். புது ஃபர்ம்வேரை கேமரா தனக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் பேட்டரி போனால்தான் பெரும்பாலும் அந்தக் கதி. அதனால் ஒரிஜினல் பேட்டரி, முழு சார்ஜ். கார்டை அதே கேமராவில் ஃபார்மேட் பண்ணுங்கள். கேனான் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், குரூப்பில் வருகிற ஃபைல் வேண்டவே வேண்டாம். இறக்கியதைப் பிரித்தால் எஃப்ஐஆர் என்று முடிகிற ஒரு ஃபைல் இருக்கும் (போலீஸ் ஸ்டேஷன் எஃப்ஐஆர் இல்லை, ஆனாலும் பெயரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும்), அதைக் கார்டில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள். டயல் பச்சை ஆட்டோவில் இருந்தால் மெனுவில் ஃபர்ம்வேர் என்ற வரியே தெரியாது, "ஆப்ஷனே இல்லையே சார்" என்று எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பச்சையில்தான் நிற்கிறார்கள். பி-யில் (P) வைத்துவிட்டுப் பாருங்கள். ஓட ஆரம்பித்தபின் முடிந்தது என்று திரையில் வரும்வரை எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், கார்டு மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5200, கூடவே இரண்டு லோக்கல் பேட்டரி. ஃபர்ம்வேர் ஏற்றினால் அவை வேலை செய்யாது என்கிறார்களே? பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடலாமா? (தேனி வாசகர்)

பதில்: வதந்தி இல்லை. டி3100, டி3200, டி5100, டி5200 மாடல்களுக்கு 2013-ல் வந்த அப்டேட், இஎன்-இஎல்14ஏ என்ற புது பேட்டரிக்கான சப்போர்ட் என்று சொல்லித்தான் வந்தது. ஏற்றியபின் பலருடைய வெளிக் கம்பெனி பேட்டரிகளை கேமரா ஏற்க மறுத்துவிட்டது. திரும்புவதை நம்பி இறங்காதீர்கள், பழைய வெர்ஷனுக்குப் போக பெரும்பாலான கேமராக்கள் வழியே வைப்பதில்லை. அந்த இரண்டு பேட்டரியை நம்பித்தான் உங்கள் வேலை ஓடுகிறது என்றால் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒரிஜினல் வாங்கிவிட்டீர்கள் என்றால் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: புது ஃபர்ம்வேர் வந்த அன்றைக்கே ஏற்றுவது நல்லதா? (சென்னை வாசகி)

பதில்: நான் இரண்டு வாரம் பொறுப்பேன். கேனான் 5டி மார்க் 2 வந்தபோது வீடியோவில் அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவை) நாமாக வைக்கவே முடியாது, கேமரா தன் இஷ்டத்துக்கு மாற்றும். அதற்குப் பயந்து அடாப்டர் போட்டு, அப்பர்ச்சரை லென்ஸிலேயே கையால் திருப்பி வைக்கக்கூடிய நிக்கான் லென்ஸ் மாட்டியவர்கள் உண்டு. 2009-ல் ஒரு அப்டேட் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது, அது வந்த அன்றைக்கே ஏற்றியவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்து 2010 மார்ச்சில் வீடியோவில் நொடிக்கு 24, 25 ஃப்ரேம் எடுக்கும் வசதியோடு 2.0.3 வந்தது, சினிமா ஆட்கள் ஆவலாகக் காத்திருந்த விஷயம். ஆனால் ஒலிப்பதிவில் கோளாறு இருந்ததால் அதைத் திரும்பப் பெற்று, சில நாளில் 2.0.4 கொடுத்தார்கள். முதல் நாளே முந்திக்கொண்டவர்கள் இரண்டு தடவை ஏற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் கேமரா எது என்று எழுதவில்லை. மாடலையும் இப்போது உள்ள வெர்ஷனையும் எழுதுங்கள், அடுத்த இதழில் அந்த நாலு வரியைச் சேர்ந்தே படித்துவிடலாம்.