மான்ட்கோமரியில் இரண்டு நாட்கள் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் அட்லாண்டாவில் வசிக்கிறோம். அடுத்த மாதம் ஒரு வியாழன், வெள்ளி இரண்டு நாட்களும் என் கணவருக்கு அலபாமாவின் மான்ட்கோமரியில் அலுவலக வேலை. நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரையும் 13 வயது மகளையும் அழைத்துக்கொண்டு நானும் உடன் போகலாம் என்றிருக்கிறேன். ஆனால் நண்பர்கள், "சின்ன ஊர், அரை நாளில் முடிந்துவிடும், மீதி நேரம் விடுதி அறையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், 74 வயதிலும் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். கால்வலியால் பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் ஊர் என்றதும், வந்தே தீருவேன் என்கிறார். அம்மா சுத்த சைவம். மகளுக்கு அருங்காட்சியகம் என்றாலே அலுப்பு. நீங்கள் அங்கே போய்வந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?

ம., அட்லாண்டா

அன்புள்ள ம.,

அப்பாவின் பேச்சைக் கேளுங்கள். அரை நாள் போதும் என்பவர்கள் அந்த ஊரைக் காருக்குள் இருந்தபடி பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். மான்ட்கோமரி சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் ஊர். மாநிலத் தலைநகர் என்றாலும் மாலையானால் நகரின் நடுப்பகுதி அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே டெக்ஸ்டர் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. கால்மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய அந்தத் தெருவுக்காகவே இரண்டு நாள் ஒதுக்கலாம்.

காரை விடுதியில் விட்டுவிட்டு ஆற்றங்கரையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். அலபாமா ஆற்றில் நீராவிப் படகுகளிலும் பிறகு ரயிலிலும் வந்திறங்கிய அடிமைகளைச் சங்கிலியிட்டு, காமர்ஸ் தெரு வழியாக நடத்திச் சென்று, கோர்ட் ஸ்கொயர் சதுக்கத்தில் ஏலம் விட்டார்கள். இன்று அங்கே ஒரு நீரூற்று இருக்கிறது. தென் கரோலினாவின் சம்ட்டர் கோட்டையைத் தாக்க அனுமதி தந்து அமெரிக்க உள்நாட்டுப் போரைத் தொடங்கிவைத்த 1861ஆம் ஆண்டுத் தந்தி, அந்தச் சதுக்கத்தின் ஓரத்துக் கட்டடம் ஒன்றிலிருந்துதான் போனது. 1955 டிசம்பர் 1 மாலை, வேலை முடிந்து ரோசா பார்க்ஸ் பஸ் ஏறியதும் அதே இடத்தில்தான். அவருக்கு இப்போது அங்கே சிலை இருக்கிறது.

அங்கிருந்து தெரு மெல்ல மேடேறுகிறது. மேட்டின் உச்சியில் வெண்ணிற சட்டமன்றக் கட்டடம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861இல் பதவியேற்ற இடத்தில் ஒரு பித்தளை நட்சத்திரத்தைப் பதித்திருக்கிறார்கள். அங்கு நின்று கீழே பாருங்கள். கூப்பிடு தூரத்தில் செங்கல்லால் கட்டிய சிறிய தேவாலயம் தெரியும். 1954இல் 25 வயது மார்ட்டின் லூதர் கிங் போதகராக வந்து சேர்ந்தது அங்கேதான். செல்மாவிலிருந்து வாக்குரிமை கேட்டு நடந்து வந்தவர்கள் 1965 மார்ச் 25 அன்று திரண்டு நின்றதும் இதே தெருவில்தான். நான் அந்தத் தெருவைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நடந்தேன். இரண்டாவது முறை நடந்தபோதுதான் எது எதற்கு எதிரே நிற்கிறது என்பது உறைத்தது.

அப்பாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். ரோசா பார்க்ஸுக்குக் கால்வலி இல்லை. மற்ற நாட்களைவிட அதிகக் களைப்பு எதுவும் இருக்கவில்லை என்றும், விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் சலித்துப்போயிருந்தது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அவர் வெள்ளையருக்கான இருக்கையிலும் உட்காரவில்லை. நடுப்பகுதியில், கறுப்பர்கள் அமரலாம் என்றிருந்த வரிசையில்தான் இருந்தார். ஒரே ஒரு வெள்ளையர் உட்காருவதற்காக அந்த வரிசையின் நான்கு பேரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தார்கள். கைது நடந்த இடத்திலேயே ரோசா பார்க்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. கால்வலிக் கதை அவரை ஒரு அப்பாவித் தையற்காரியாக்கிவிடுகிறது. உள்ளூர் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக உழைத்தவர் அவர். அந்த உழைப்பை நாம் மறந்துவிடக் கூடாது.

மகளுக்கு ரோசா பார்க்ஸைவிட கிளாடெட் கால்வின் நெருக்கமாக இருப்பார். அதே ஆண்டு மார்ச்சில், ஒன்பது மாதங்களுக்கு முன்பே, இதே ஊரில் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான பள்ளி மாணவி. வயது 15. பஸ்களில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் அவரும் ஒருவர். வழியிலேயே காரில் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் அருங்காட்சியகம் அலுக்காது.

ஆசிரியரான அப்பாவுக்கு ஜோ ஆன் ராபின்சன். கறுப்பர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவே கல்லூரிக்குப் போய், இரண்டு மாணவர்களுடன் விடியும்வரை சுருளச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்பதுதான் செய்தி. ஒரு நாளைக்கென்று தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. சமையல்காரிகளும் துணி துவைப்பவர்களும் கொட்டும் மழையிலும் நடந்தே வேலைக்குப் போனார்கள். அந்த ஊரை நடந்து பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். தென்மாநிலச் சமையலில் கீரையையும் பீன்ஸையும்கூடப் பன்றி இறைச்சி சேர்த்து வேகவைப்பது வழக்கம். பார்வைக்குக் காய்கறியாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் கேட்டே வாங்குங்கள். அதே உணவகங்களில் வெண்டைக்காயும் காராமணியும் கிடைக்கும். இரண்டும் அடிமை வணிகக் கப்பல்களின் வழியே அந்த மண்ணுக்கு வந்தவை. அம்மா நம் ஊர்க் காய் என்று மகிழும்போது அதையும் சொல்லுங்கள்.

அவரிடம் ஜார்ஜியா கில்மோரைப் பற்றியும் சொல்லுங்கள். உணவகச் சமையல்காரி. பஸ் புறக்கணிப்பின்போது தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக்கும் 'பை' என்னும் இனிப்புப் பண்டமும் கோழி வறுவலும் செய்து விற்று, பணத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்தார். பஸ் ஏறாதவர்களை ஏற்றிச் சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போட அது உதவியது. யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்பார். அந்தக் குழுவுக்கு அதுவே பெயராயிற்று. கில்மோருக்கு வேலை போகத்தான் செய்தது. பிறகு தன் வீட்டிலேயே சமைத்துப் போட்டார். கிங் அங்கே வந்து சாப்பிட்டிருக்கிறார். டெரிகோட் தெருவில் அந்த வீட்டின் முன் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. கூட்டமே இருக்காது. அம்மாவோடு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையை 2018இல் திறக்கப்பட்ட அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு வெறியில் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பர்களுக்கான இடம் அது. இத்தகைய கொலைகள் நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் போன்றது) ஆளுயரத்தில் ஒரு இரும்புத் தூண், மொத்தம் 800க்கும் மேல். தூண்களில் பெயரும் தேதியும். பெயர் தெரியாதவர்களுக்கு 'அறியப்படாதவர்' என்றே பொறித்திருக்கிறார்கள். முதலில் தூண்கள் நம் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை சரிந்து இறங்குகிறது, தூண்கள் அதே உயரத்தில் நின்றுவிடுகின்றன. ஒரு திருப்பத்தில் அவை தலைக்கு மேல் தொங்குவது தெரியும். நான் போன அன்று தூறல். துருவேறிய இரும்பிலிருந்து பழுப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெயர்களைப் படிக்க அண்ணாந்தவர்கள் யாரும் பேசவில்லை.

அந்தச் சரிவின் சுவரில் கொலைகளின் காரணங்கள் இருக்கின்றன. 1940இல் அலபாமாவின் லூவர்னில் ஜெஸ்ஸி தார்ன்டன் என்பவர், ஒரு வெள்ளைப் போலீஸ்காரரின் பெயருக்கு முன் 'மிஸ்டர்' சேர்க்காததற்காகக் கொல்லப்பட்டார். உங்கள் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. பெயரோடு என்ன சேர்த்து அழைக்க வேண்டும் என்பதற்காக நம் ஊர்களில் என்னென்ன நடந்தது என்று அவர் தலைமுறைக்குத் தெரியும்.

கிங் குடியிருந்த வீட்டையும் விட்டுவிடாதீர்கள். 1956 ஜனவரி 30 இரவு அதன் முகப்பில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு, மிரட்டல் தொலைபேசிக்குப் பின் தூக்கம் வராமல், சமையலறையில் காபி போட்டுக்கொண்டு மேசையில் தலைகவிழ்ந்து அவர் பிரார்த்தித்தார். அந்தச் சமையலறை சிறியது, நம் வீடுகளில் இருப்பது போலத்தான். அங்கே அப்பாவிடம் சொல்ல ஒன்று உண்டு. 1959இல் இந்தியா வந்த கிங் கன்னியாகுமரி வரை போயிருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் பள்ளியில் தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டதாகவும், யோசித்தபின் ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் அவர் சொன்னார்.

மற்றவை உங்கள் விருப்பம். கண்ட்ரி இசைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் கல்லறை அவர் பாடல்களைக் கேட்பவர்களுக்கு. பேஸ்பால் பருவமாக இருந்தால் மகளை மாலை ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். உள்ளூர் அணியின் பெயரே பிஸ்கட்ஸ்.

மான்ட்கோமரி நேரம் அட்லாண்டாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கோடையென்றால் வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும். நினைவிடம் திறந்தவெளி, குடையும் தண்ணீரும் அவசியம். நினைவிடத்தின் வெளியே புல்வெளியில் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகலைக் கிடத்தியிருக்கிறார்கள், அந்தந்தக் கவுண்டி வந்து எடுத்துப்போய்த் தன் ஊரில் நிறுத்துவதற்காக. ஃபுல்டன் என்ற பெயரைத் தேடும் வேலையை மகளிடம் கொடுங்கள். அட்லாண்டாவின் பெரும்பகுதி அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்