கரப்பான் உள்ள குழந்தைக்குப் பட்டுத்துணி நல்லதா?

இரண்டு வயது மகனுக்கு முழங்கை, முழங்கால் மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்கிற அரிப்புத் தோல் நோய்), பட்டு உள்ளாடை போட்டால் குறையும் என்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இங்கிலாந்தில் 300 குழந்தைகளை வைத்து இதையே ஆறு மாதம் சோதித்துப் பார்த்தார்கள், 2017இல் முடிவு வந்தது. வழக்கமான மருந்தோடு பட்டும் போட்ட குழந்தைகளுக்கும், மருந்து மட்டும் போட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கி, தாராளமாகத் தடவுங்கள்.

என் மகளுக்கு ஏழு மாதத்தில் ஆரம்பித்தது, இப்போது ஆறு வயது. நாங்கள் யாங்கூனில் இருக்கிறோம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் வியர்வைதான், பாலியஸ்டர் அதை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்ட வைத்துவிடும், சூடு ஏற ஏற பிள்ளை சொறிந்துகொண்டே இருக்கும். முரட்டுக் கம்பளியும் ஆகாது, தடித்த நாரின் முனைகள் தோலில் குத்தும்.

ஒரு தடவை காளி கோயிலுக்குப் போகப் பட்டுப் பாவாடை சட்டை போட்டுவிட்டேன். அர்ச்சனை முடிவதற்குள் கழுத்தைச் சுற்றிச் சிவந்து, ஓரிடத்தில் ரத்தமே துளிர்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைத் திருப்பிப் பார்த்தால், கழுத்தோரம் வெட்டிய ஜரிகை நுனிகள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன, விரல் வைத்த எனக்கே சுருக்கென்றது. அன்று உட்கார்ந்து அழுதேன். அதிலிருந்து எதை வாங்கினாலும் உள்பக்கத்தை என் கழுத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். லேபிளை வெட்டாதீர்கள், மிச்சம் குத்தும், தையலைப் பிரித்து எடுங்கள். வீட்டில் இருக்கும்போது சட்டையைத் திருப்பியே போட்டுவிடலாம், தையல் மேலே வந்துவிடும்.

இவள் பிறந்தபோது அத்தை, என் மாமியார், மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்திருந்தார். எனக்குப் பிடிக்கவில்லை, புதுசாக வாங்கி அடுக்கினேன். அத்தை செய்ததுதான் சரி. பல வருஷம் துவைத்து நைந்த பருத்திக்கு ஈடாக நான் இன்னும் ஒன்றையும் பார்க்கவில்லை. புதுத்துணியில் கஞ்சி, சாயம், சுருங்காமல் இருக்கப் போடும் ரசாயனம் எல்லாம் இருக்கும், துவைக்காமல் ஒருநாளும் போட்டுவிடாதீர்கள். சோப்புத்தூள் துணியில் தங்காதபடி இன்னொரு முறை அலசுங்கள், வாசனைக்கு ஊற்றும் திரவம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், துணி அரிப்பைக் குறைக்கும், கரப்பானைக் குணமாக்காது. நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: தோலுக்குத் தடவும் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீடு என்றால் குழந்தையைக் கிட்டவே விடாதீர்கள். நாங்கள் பேட்டரி விளக்குக்கு மாறிவிட்டோம்.