மணி அடித்தால் மாமனார் ஒளிந்துகொள்கிறார்

அன்புள்ள டாக்டருக்கு,

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறேன். கணவர் டச்சு யூதர். மாமியார் காலமான பிறகு மாமனார் எங்களோடு இருக்கிறார். வயது 90. சில மாதங்களாக மறதி. அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். வாசலில் மணி அடித்தால் போதும், மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கிற இடுக்கில் மூச்சுக்காட்டாமல் நிற்கிறார். தலையணை உறைக்குள் பூசணம் பிடித்த ரொட்டித் துண்டுகள். சில நாள் தன் பெயர் ‘யான்’ என்கிறார். அது அவர் பெயரே இல்லை.

எங்களிடம் சொன்னது கொஞ்சம்தான். 1942-ல், ஹிட்லரின் நாஜிப் படை நெதர்லாந்தைப் பிடித்து வைத்திருந்தபோது, அவருக்கு ஏழு வயது. அம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோட்டில், யூதர் என்று அடையாளம் காட்ட நாஜிகள் கட்டாயமாக்கிய மஞ்சள் நட்சத்திரம் தைத்தாராம். அதையும் காசு கொடுத்துத்தான் வாங்கணுமாம், ஒன்று நாலு சென்ட். அப்பாவின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பெண் இவரை ரயிலில் கூட்டிப்போய் ஒரு பண்ணை வீட்டில் விட்டார். பெற்றோர் திரும்பவே இல்லை.

“பழசைக் கிளறாதே” என்கிறார் கணவர். “ஓபா (தாத்தா) யாருக்குப் பயப்படுறார்?” என்று எட்டு வயது மகன் கேட்கிறான். நான் என்ன செய்ய?

அன்புச் சகோதரி,

நாலு சென்ட் உண்மைதான். கூடவே துணிக் கூப்பனும் கொடுக்கணும். அவமானத்துக்கும் ரேஷன்!

‘யான்’ அநேகமாகப் பண்ணை வீட்டில் வைத்த பெயர். சொந்தப் பெயர் வாய்தவறி வந்தால் அவருக்கும் ஆபத்து, அடைக்கலம் தந்தவர்களுக்கும் ஆபத்து. அதனால் திருத்தாதீர்கள். மறதி நோயில் சமீபத்திய நினைவுகள்தான் முதலில் போகும். மிஞ்சுவது அந்த ஏழு வயது.

ஹன்ஸ் கைல்சன் என்ற மனநல மருத்துவர், தாமே நெதர்லாந்தில் ஒளிந்து பிழைத்தவர், அங்கே பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1979-ல் ஆய்வை வெளியிட்டார். போரில் பட்டதைவிட, போர் முடிந்தபின் எப்படிப்பட்ட கைகளில் வளர்ந்தார்கள் என்பதே பலருடைய பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது என்று கண்டார். “நீயாவது பிழைத்தாயே” என்று வாயடைக்கப்பட்ட பிள்ளைகள் ஏராளம். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. நீங்களாகத் துருவ வேண்டாம். மாமனாரே பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். அம்மா வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன சமைப்பார் என்று கேளுங்கள். நாஜிகளின் வதை முகாமைப் பற்றி வேண்டாம்.

மணியைக் கழற்றிவிடுங்கள், வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வரட்டும். ரொட்டியைப் பிடுங்காமல் மூடி போட்ட டப்பா ஒன்றைக் கட்டிலருகே வைத்து, அவர் தூங்கும்போது புதிதாக மாற்றுங்கள். குழப்பம் திடீரென்று கூடினால் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். போரில் தப்பியவர்களுக்கென்றே உதவும் யூத சமூகநல அமைப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

மகனிடம் பொய் வேண்டாம். “ஓபா உன்னளவு இருந்தபோது அவரைப் பிடிக்க ஆள் வந்தார்கள். இப்போது யாரும் வரமாட்டார்கள், ஆனால் அவருக்கு அது சில நேரம் மறந்துபோகிறது.” இவ்வளவு போதும். அப்புறம், அந்த இடுக்கிலிருந்து துடைப்பத்தை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி போடுங்கள்.