கோக்தெய்க் பாலத்தின் நடுவே இன்ஜின் நிற்பது ஏன்?

கேள்வி: 1.6 மீட்டர் இடத்தில் 1:160 அளவில் மியான்மரின் கோக்தெய்க் ரயில் பாலத்தின் மாதிரியைக் கட்டுகிறேன். 9 மி.மீ. தண்டவாளம், டிசி கன்ட்ரோலர். மெதுவாக ஓட்டினால் இன்ஜின் நடுப்பாலத்தில் நின்றுவிடுகிறது. அங்கே தனியாக வயர் கொடுத்தால் டவர் ஓரம் தொங்கி அசிங்கமாகத் தெரிகிறது. அளவுகளையும் எப்படிச் சுருக்குவது? – ரங்கூன் வாசகர்

பதில்: அந்த வயரே வேண்டாம். மறுபக்கம் தெரிகிற பாலத்தில் அதை ஒளிக்க இடமில்லை. இரு கரையிலிருந்தும் மின்சாரம் கொடுங்கள், நடுவில் தண்டவாளமே அதைக் கடத்தட்டும்.

முதலில் பழுது எங்கே என்று பாருங்கள். வெறும் மீட்டரை வைத்தால் நடுவிலும் முழு வோல்ட்டேஜ்தான் காட்டும். சுமை ஏறினால்தான் இழப்பு தெரியும். கன்ட்ரோலரை 12 வோல்ட்டில் வைத்து, நடுப்பாலத்தில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே 12 வோல்ட் 5 வாட் மோட்டார் சைக்கிள் பல்பை இணையுங்கள். கரையிலும் பல்பின் முனையிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகப் பிடியான ஜாயினரில்தான் கோளாறு. நம் மழைக்கால ஈரத்தில் அதன் உட்புறம் கறுத்து, பிடிப்பும் தளரும். வித்தியாசமே இல்லையென்றால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தால் போதும். டிசியில் மெதுவான ஓட்டம் என்றாலே குறைந்த வோல்ட்டேஜ். 4 வோல்ட்டில் ஊர்கிற இன்ஜினுக்கு 1 வோல்ட் குறைந்தால் நின்றுவிடும். முழு வேகத்தில் அதே இழப்பு கண்ணுக்கே தெரியாது. அசல் பாலத்திலும் ரயில் ஊர்ந்துதான் போய்வந்தது, அதனால் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள்.

914 மி.மீ. தண்டவாளம் இரண்டை இணைத்தால் பாலத்தில் ஒரே ஒரு இணைப்புதான் வரும். அது ஒரு டவரின் தலைக்கு மேல் விழட்டும். இருபுறமும் இரண்டிரண்டு ஸ்லீப்பரை விலக்கிவிட்டு, வெளிப்பக்கமாகச் சால்டர் வையுங்கள். கரைகளில் 0.5 சதுர மி.மீ. வயர், பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. மெயின். சிவப்பு வயர் இரு கரையிலும் ஒரே தண்டவாளத்துக்குப் போகவேண்டும். மாறினால் நேரடி ஷார்ட்.

இணைப்பு இறுகியபின் இன்னொரு தொல்லை வரும். 15 டிகிரி வெப்பம் ஏறினால் பாலம் செய்யும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் 1.5 மீட்டருக்குச் சுமார் 1.6 மி.மீ. நீளும், தண்டவாளம் 0.4 மி.மீ.கூட நீளாது. முழு நீளத்துக்கும் பசை போட்டால் பாலம் வில்லாக வளையும். நடு டவரில் மட்டும் ஒட்டி, மற்ற இடங்களில் நழுவ விடுங்கள். கரை இணைப்புகளில் சால்டர் வேண்டாம், 1 மி.மீ. இடைவெளி விட்டு, அவற்றுக்கு இருபுறமும் தனித்தனி வயர் கொடுங்கள்.

இனி அளவு. மேமியோவுக்கும் லாஷியோவுக்கும் இடையிலுள்ள அசல் பாலம் 689 மீட்டர் நீளம், 102 மீட்டர் உயரம். உங்கள் அளவில் அது 4.3 மீட்டரும் 64 செ.மீ.யும் ஆகிவிடும். உறுப்புகளைக் குறுக்காமல் எண்ணிக்கையைக் குறையுங்கள்: பாலத்தின் நீளவாக்கில் 12 மீட்டர் டவர் 75 மி.மீ., 37 மீட்டர் டிரஸ் (முக்கோணச் சட்டங்களாலான உத்தரம்) 231 மி.மீ., 18.3 மீட்டர் கர்டர் (தகட்டு உத்தரம்) 114 மி.மீ. ஐந்து டவர், இடையே நான்கு டிரஸ், இரு முனைகளிலும் ஒவ்வொரு கர்டர் என்று வைத்தால் 1,527 மி.மீ. உயரத்தை 40 செ.மீ.க்கு இறக்கலாம். அசல் மீட்டர்கேஜ் என்பதால் 9 மி.மீ. பாதை கொஞ்சம் அதிக அகலம்தான், ஆனால் பார்ப்பவர் கண் டவரில் நிற்கும், அதனால் பரவாயில்லை.

டவர் கால்கள் ஒவ்வொரு பக்கமும் 6-க்கு 1 சாயட்டும். உச்சியில் 18 மி.மீ. என்றால் 40 செ.மீ. கீழே சுமார் 15 செ.மீ. அகலம் வரும். மிக உயரமான சட்டத்தைக் காகிதத்தில் வரைந்து, பலகையில் ஒட்டி, ஓரங்களில் ஆணி அடித்து, டவருக்கு இரண்டாகப் பத்துச் சட்டங்களையும் அதன்மேலேயே செய்யுங்கள். சரிவில் நிற்கும் குட்டை டவர்களுக்கு வரைபடத்தைச் சுருக்காதீர்கள், அடியை மட்டும் வெட்டுங்கள். சுருக்கினால் உச்சி அகலமும் குறைந்து கர்டர் உட்காராது.

தண்டவாளத்தைப் பதித்ததும், பெயின்ட் அடிக்கும் முன்பே, பல்பு சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.