பிரியாணியும் இருக்கட்டும், எடையும் குறையட்டும்

கேள்வி: எனக்கு 44 வயது. உயரம் 160 செ.மீ., எடை 76 கிலோ. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்னார். மாத்திரை தரவில்லை, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். போன ஆண்டு சோறு, இட்லி, இனிப்பு எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தி இரண்டே மாதத்தில் 6 கிலோ குறைத்தேன். தீபாவளியோடு அந்த வைராக்கியம் போயிற்று. பொங்கலுக்குள் 6 கிலோவும் திரும்பியது, கூடவே ஒரு கிலோ வட்டியும். காலையில் தோசை, நாளுக்கு மூன்று காபி, மாலையில் கொஞ்சம் மிக்சர், ஞாயிறன்று பிரியாணி, எப்போதாவது அல்வா. இவற்றை விடாமல் எடை குறைக்க வழி உண்டா? நாக்கைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? – திருநெல்வேலி வாசகி

பதில்: வழி உண்டு. ஆனால் இரண்டு மாதத்தில் 6 கிலோ என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மாதம் ஒரு கிலோ, நன்றாகப் போனால் ஒன்றரை. அரை ஆண்டில் 5 கிலோ குறைந்தால் அது உங்கள் எடையில் ஏறக்குறைய 7 சதவீதம்.

இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கே 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும்தான். அந்தப் பிரிவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நம்மூர்க் கணக்கும் இருக்கிறது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் அந்த வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை. ஆகவே தராசு மெதுவாக நகர்ந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது.

போன ஆண்டு தோற்றதற்கு உங்கள் மனஉறுதியைக் குறை சொல்ல மாட்டேன். சோற்றை நிறுத்தியதும் முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கியிருக்குமே, அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். மறுபடி சாப்பிட்டால் சில நாளில் இரண்டும் திரும்பும். அதற்குப் பிறகு குறைந்ததில் கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும். எடை திரும்பி ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறுகிறது.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதும் பழைய செய்தி. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதி உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தார். உடல் மெலிந்தது எதிர்பார்த்ததுதான். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கத் தொடங்கினார்கள். பட்டினி முடிந்த பிறகும் எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி பலருக்கு நீடித்தது. உங்கள் தீபாவளிப் பலகாரத் தட்டில் நடந்தது அதன் சிறிய பதிப்பு.

ஆகவே பிடித்ததில் கை வைக்க வேண்டாம். பிடிக்கும் என்பதற்காக இல்லாமல், கை பழகிவிட்டதால் சாப்பிடுகிறீர்களே, அதைத் தேடிப் பிடியுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் ஒரு வாரம் எழுதிவரச் சொல்லிப் பார்க்கும்போது, எடை ஏற்றும் கலோரியில் பெரும் பங்கு பிரியாணியில் இருப்பதில்லை. யாரும் உணவு என்றே எண்ணாத மூன்று நான்கு இடங்களில் இருக்கிறது. உங்களுக்கு நாளொன்றுக்கு 350 கலோரி குறைந்தால் போதும், மாதம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் குறையும். அந்த 350-ஐ எங்கே எடுப்பது என்று பார்ப்போம்.

முதல் இடம் எண்ணெய். தோசையை ஊற்றியதும் தூக்கிலிருந்து கரண்டியால் எண்ணெயைச் சுற்றி விடுகிறீர்கள், திருப்பிப் போட்டு இன்னொரு சுற்று. அளந்து பார்த்தால் ஒரு தோசைக்கு இரண்டு டீஸ்பூன் சர்வ சாதாரணமாகப் போகும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40 கலோரி. மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டுமே 240. பிறகு தட்டில் மிளகாய்ப்பொடியை வைத்து நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றுகிறோமே, அது ஒரு மேசைக்கரண்டி இருந்தால் 120 கலோரி. இரண்டு இட்லிக்குச் சமம், வயிற்றுக்குத் தெரியவே தெரியாது. நன்றாகப் பழகிய இரும்புக் கல்லில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்துவிட்டு, ஓரத்தில் அரை டீஸ்பூன் விட்டால் தோசை முறுகலாகவே வரும். பொடியைப் பாதி எண்ணெய், பாதி மோர் விட்டுக் குழைத்துப் பாருங்கள். பழக ஒரு வாரம் ஆகும்.

வீட்டுக் கணக்கைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மாதம் வாங்கும் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் கூட்டி, வீட்டில் சாப்பிடும் ஆட்களால் வகுத்துவிடுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு போதும் என்கிறது. எடை குறைக்க நினைக்கும் உங்களுக்கு நாலு டீஸ்பூன், அதாவது மாதம் 600 மில்லி. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வருகிறது என்றால் தேடுவதற்கு வேறு எங்கும் போக வேண்டாம். கடலை எண்ணெயா, செக்கு எண்ணெயா, ஆலிவ் எண்ணெயா என்ற விவாதம் இந்தக் கணக்கில் வராது. கலோரியில் எல்லாம் ஒன்றே.

இரண்டாவது காபி. காபியை விடச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை, அவசியமும் இல்லை. மூன்று டம்ளரிலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 30 கிராம், 120 கலோரி. இனிப்புக்கென்று சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. உங்கள் காபியே அதைத் தாண்டிவிடுகிறது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3. அதை மாற்றினால் மூன்று காபியில் 80 கலோரி வரை மிச்சம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றிக்கொண்டு அதே இரண்டு ஸ்பூன் போடுவது ஏமாற்று வேலை.

மூன்றாவது, 'கொஞ்சம்' மிக்சர். அந்தக் கொஞ்சத்தை ஒரே ஒரு நாள் கிண்ணத்தில் கொட்டி நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் மிக்சர் 500 கலோரிக்குக் குறையாது. டப்பாவோடு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்தால் 60 கிராம் போவது தெரியாது; 300 கலோரி. வேண்டும் என்றால் ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். வாரத்தில் நாலு நாள் அந்த இடத்தில் ஒரு கப் கொண்டைக்கடலை அல்லது தட்டப்பயறு சுண்டல் இருக்கட்டும். அதிலும் கலோரி உண்டு. ஆனால் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் எட்டரை மணி வரை பசி தாங்கும்.

நான்காவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் அநேகமாக இருக்கும். பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போன பாதித் தோசை, பாத்திரத்தில் மிஞ்சிய ஒரு கரண்டி சாதம், 'வீணாகப் போகிறதே' என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது. நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது ஒரு நேரச் சாப்பாடு. உணவை வீணாக்கக் கூடாது என்பது சரிதான். அதற்காகக் குடும்பத்தின் மிச்சத்துக்கு உங்கள் வயிறு ஏன் பொறுப்பேற்க வேண்டும்? மறுநாள் ஒரு பிடி அரிசியைக் குறைத்துப் போடுங்கள்.

மதியச் சோற்றுக்கு வருவோம். வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி. பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. சிக்கல் தட்டின் அமைப்பில் இருக்கிறது. நடுவில் குவியலாகச் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள ஒரு ஸ்பூன் பொரியல். முதலில் ஒரு கப் பொரியலும் ஒரு கப் கூட்டும் வைத்துக்கொண்டு, அதில் பாதியைச் சாப்பிட்ட பிறகு சோறு போடுங்கள். காய்கறியும் பருப்பும் முன்னால் உள்ளே போனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது. இரண்டு கப் சோறு தானாக ஒன்றரைக் கப்பில் நின்றுவிடும். முட்டை, மீன் சாப்பிடுவீர்கள் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். மீனைப் பொரிக்காமல் குழம்பாகச் சாப்பிடுவது மேல். சொதி போன்ற தேங்காய்ப்பால் சமையலை விருந்து நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் 'இரவு சப்பாத்தி' பற்றி ஒரு வார்த்தை. எடை குறைக்க நினைக்கும் தமிழர் செய்யும் முதல் காரியம் இதுதான், எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லாத காரியம். எண்ணெய் தடவிச் சுட்ட மூன்று சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் 400 கலோரியைத் தாண்டும். நாலு இட்லி ஏறக்குறைய 230. சாம்பாரோடு சேர்த்தாலும் அந்த 400-க்குக் கீழேதான். சப்பாத்தி பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்து விழுங்காதீர்கள். சிறுதானியமும் அப்படியே: தினை, வரகில் நார்ச்சத்து கூடுதல், ஆனால் சமைக்காத நிலையில் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் வரும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுக் கஷாயம் குடிப்பவர்களுக்கும் இதுவே பதில். கொள்ளு நல்ல பயறு, ரசமோ துவையலோ செய்து சாப்பிடலாம். உடலில் இருக்கும் கொழுப்பை அது கரைப்பதில்லை. வெந்நீரில் தேனும் கரைக்காது.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி ஒரு தட்டு, 600 முதல் 800 கலோரி வரை இருக்கும். அதைச் சாப்பிடுங்கள். குற்ற உணர்வோடு கொறிக்காமல், உட்கார்ந்து, மணம் பிடித்து, நிதானமாகச் சாப்பிடுங்கள். கோழித் துண்டும் முட்டையும் தட்டில் இருக்கட்டும், வெங்காயப் பச்சடி இரண்டு கரண்டி கூடவே போகட்டும். விட வேண்டியது பிரியாணிக்குத் துணைக்கு வரும் படை: பொரித்த கோழி, எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய், 300 மில்லி குளிர்பானம் (அதில் மட்டும் 30 கிராம் சர்க்கரை). அதைவிட முக்கியம், மிஞ்சிய பிரியாணியை இரவிலும் சாப்பிடும் வழக்கம். அளவாகச் சமையுங்கள், அல்லது மதியமே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். காலையில் பட்டினி கிடந்து பிரியாணிக்கு இடம் ஒதுக்குவதும் வேண்டாம்; இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தால் மதியம் கை நிதானமாக இருக்கும்.

அல்வா விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடையில் நின்று, இலையில் வைத்துத் தரும் சூடான அல்வாவை 50 கிராம் வாங்கிச் சாப்பிடலாம். 200 கலோரியோடு ஆசை தீரும். அரைக் கிலோ பொட்டலம் வீட்டுக்கு வந்தால்தான் வம்பு. அது நெய் ஒழுகும் தாளோடு மூன்று நாள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் எண்ணெய் மட்டும். அது பழகியதும் காபி, பிறகு மிக்சர், பிறகு தட்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் அலுவலக வளாகத்தில் நடந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். காலையிலோ மாலையிலோ அரை மணி நேர நடை தனி. நடையால் மட்டும் எடை அதிகம் குறையாது. அரை மணி நேரத்துக்கு 130 கலோரி போல்தான் செலவாகும். ஆனால் சர்க்கரைக்கு அது நல்ல மருந்து, குறைத்த எடை திரும்பாமல் இருக்கவும் உதவும். முடிந்தால் வாரம் இரு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற தசைக்கான பயிற்சி.

தராசில் வாரம் ஒருமுறை, அதே நாள், காலையில் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். உப்பு கூடிய உணவாலும் மாதவிடாயை ஒட்டியும் ஒரு கிலோ, சில நேரம் இரண்டு கிலோகூட ஏறி இறங்கும். அதைப் பார்த்துக் கலங்கித்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். கூடவே மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. மூன்றாவது, நான்காவது மாதத்தில் எடை நின்றுவிட்டது போலத் தோன்றும். எடை குறைந்த உடலுக்குத் தேவையும் குறைகிறது என்பதே காரணம். அப்போது எண்ணெய்க் கணக்கை மறுபடி ஒரு வாரம் அளந்து பாருங்கள், அநேகமாகக் கை பழையபடி தாராளமாகியிருக்கும்.

மூன்று மாதம் இப்படி நடந்தும் அசைவே இல்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை எப்போது மறுபடி பார்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மாத்திரை எடுப்பதில்லை என்பதால் மேலே சொன்னதை நாளையே தொடங்கலாம். இதைப் படிக்கும் வேறு யாராவது இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மருந்தின் அளவு பழையபடியே இருந்து உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடும்; வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டுதல் வந்தால் அந்த நேரத்தில் எடையைப் பற்றி யோசிக்காமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும்.