142 சக்கரம், 148 ஃபிரேம்: டிஸ்க் உரசுவது ஏன்?

சைக்கிளில் 148 மி.மீ. அகல ஹப்புக்கான (ஹப் என்பது சக்கரத்தின் நடு உருளை) ஃபிரேமில் 142 மி.மீ. ஹப் உள்ள பின்சக்கரத்தை மாட்டியதும் பிரேக் டிஸ்க் உரசுகிறதா? காலிபரை, அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகத்தை, திருகிப் பயனில்லை, டிஸ்க்தான் 3 மி.மீ. வெளியே வர வேண்டும். பழைய 142 சக்கரத்துக்கு இரு பக்கமும் 3 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் துண்டு) போட்டு 148 ஃபிரேமில் நுழைத்துவிட்டீர்கள், சரி. ஆனால் அந்த ஃபிரேமில் காலிபர் பிடிக்கும் இடமும் 3 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. ஹப்போடு ஒட்டிய டிஸ்க் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காலிபருக்குள் பாருங்கள். டிஸ்க் ஆரைக்கம்பிப் பக்கம் ஒட்டி உரசினால் இதுதான் காரணம். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வைக்க 3 மி.மீ. வளையம் கிடைக்கும். கூடவே 3 மி.மீ. நீளமான ஆறு போல்ட்டும் வாங்குங்கள். பழைய போல்ட்டையே போட்டால் மரை போதாது. ஒன்றிரண்டு சுற்று பிடித்தாலும் நம்பாதீர்கள், இது பிரேக். வாஷர்களை அடுக்கும் வேலையும் வேண்டாம்.

உங்களுடையது சென்டர்லாக் ஹப் (ஆறு போல்ட்டுக்குப் பதில் நடுவில் ஒரே வளையத்தால் டிஸ்க்கைப் பூட்டுவது) என்றால் இந்த வளையம் சேராது. அதற்கான மாற்று கிட் தனி.

அப்புறம், கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) 3 மி.மீ. உள்ளே நிற்கும். கியர் மாற்றும் டெரெய்லரின் இரண்டு லிமிட் ஸ்க்ரூவையும் (அது எவ்வளவு தூரம் நகரலாம் என்று கட்டுப்படுத்துபவை) புதிதாகச் சரிசெய்யாமல் ஏற்றத்தில் மிதிக்காதீர்கள். வெறும் 6 மி.மீ.க்காக இவ்வளவு பாடு. எனக்கும் எரிச்சல்தான்.